காய்ச்சல் இல்லாத நாட்கள்

அந்த வருஷம் திகனவிலிருந்து தெல்தெனிய வரைக்கும் மலேரியாக் காய்ச்சலுக்கு விழுங்கக் கொடுத்த கொய்னாக் குளிசையைப் பற்றி என்னளவுக்குப் பேசியவன் வேறு ஒருவனும் இருந்திருக்க மாட்டான். கடைவாசலில் பேசினேன், பள்ளிவாசலில் கைகால் கழுவுகிற ஹவ்லடியில் பேசினேன், வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துக் கட்டுகிற நேரத்தில்கூட விடாமல் பேசினேன். "கசப்பு வாத்தியார் வாரார்" என்று சின்னப்பிள்ளைகள் என்னைக் கண்டு ஓடும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எனக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரியவில்லையே என்ற கோபத்திலேயே பாதிப் பொழுது போய்விடும். நான் தினமும் சோறு தின்ற வீட்டில் நடந்தது எனக்குத் தெரியவில்லை என்பது பிறகு வந்த கோபம். அது இந்த வயதிலும் ஆறவில்லை.

முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் மழை பொய்த்தது. மழைக்குத்தானே காய்ச்சல், வெயிலுக்கு என்ன காய்ச்சல் என்று நாங்கள் நினைத்திருந்தோம். மகாவலி வற்றிப் பாறைகள் எல்லாம் வெளியே வந்தன. பாறைக்குப் பாறை தண்ணீர் தேங்கிக் குட்டை குட்டையாக நின்றது. ஓடுகிற ஆற்றில் பிழைக்காத, கடித்துக் காய்ச்சல் பரப்புகிற நுளம்பு அந்தக் குட்டைகளில் பிள்ளை குட்டியோடு குடியேறிவிட்டது. முதலில் ஆற்றோரத்து வீடுகளில் நடுக்கம் தொடங்கியது. பிறகு தெருவில். பிறகு நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் வாங்குப் பலகைகளில் ஆளில்லை. கடைசியில் பள்ளிக்கூடத்தையே மூடி, அந்த மண்டபத்தில் மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள்.

மருந்து கொடுக்க வந்த அப்போதிக்கரி யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த மனிதர், பேச்சும் மெலிந்தது. அவருக்குச் சிங்களம் அரைகுறை, எங்கள் முஸ்லிம்களின் பேச்சு அதைவிட அரைகுறை. மூன்று வகையாகவும் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். சம்பளம் கிடையாது. மரியாதை உண்டு. அந்த வயதில் எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

வரிசையில் வருகிறவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வரும். வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை வருவான். "வீட்டில எத்தனை பேருக்குக் காய்ச்சல்?" என்று கேட்டால் விரலை மடித்து எண்ணுவான். அவன், அவன் தம்பி, வாப்பா, மூத்த மகன். "பெண்கள்?" என்றால், "ஆ, அவங்களுக்கும் ஈக்கிது" என்பான், மறந்துபோன சாமானைக் கடையில் ஞாபகப்படுத்தியது போல. பல்லேகலக் கொக்கோத் தோட்டத்திலிருந்து ஒரு தொழிலாளிப் பெண் மட்டும் தானாகவே நடந்து வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, அதன் வயிறு மண்ணீரல் வீங்கிப் பூசணிக்காய் போல நின்றது. "ஐயா, எனக்கும் குடுங்க, இதுக்கும் குடுங்க. நான் படுத்துட்டா இதுக்குப் பாலு இல்லைங்க," என்றாள். எங்கள் முன்னாலேயே தன் குளிசையை விழுங்கினாள். குழந்தைக்கு உரியதைப் பொடி செய்து வாயில் தடவிவிட்டு, அது கத்தக் கத்தப் பால் கொடுத்தாள். அப்போதிக்கரி என்னைப் பார்த்து, "ஓம், இவவுக்கு விளங்குது," என்றார். எங்கள் ஆட்களுக்கு இது விளங்காதா என்று அன்று முழுக்க நான் பொருமினேன்.

எங்கள் ஆட்கள் என்று நான் நினைத்ததில் முதல் ஆள் என் ராத்தா. என்னைவிட நாலு வயது மூத்தவள். வாப்பாவும் உம்மாவும் மௌத்தான பிறகு எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான். தெல்தெனிய ரோட்டில் கடை வைத்திருந்த மச்சானுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். கடைக்குப் பின்னால் வீடு. ஆறு வயதில் ஒரு மகன், இரண்டு வயதில் ஒரு மகள், வயிற்றில் ஐந்து மாதத்தில் ஒன்று. நான் பக்கத்தில் ஒரு அறையில் இருந்துகொண்டு மூன்று வேளையும் அங்கேதான் சாப்பிட்டேன்.

காய்ச்சல் அந்த வீட்டுக்குள்ளும் வந்தது. முதலில் சின்ன மகளுக்கு, பிறகு ராத்தாவுக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற முறைக்காய்ச்சல். பகல் பதினொரு மணிக்கு நடுக்கம் பிடிக்கும். வீட்டிலுள்ள துணி எல்லாவற்றையும் போர்த்தினாலும் பல் கிட்டும். பிறகு உடம்பு அடுப்பாகும். பின்னேரம் அஸர் நேரத்துக்கு வியர்த்துக் கொட்டி எழுந்துவிடுவாள். மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல நெல் குற்றுவாள். அந்த நோயின் வஞ்சகமே அதுதான். ஒருநாள் அடித்துப் போட்டு, மறுநாள் நல்ல பிள்ளை போல விலகி நிற்கும்.

நான் குளிசை கொண்டுபோய்க் கொடுத்தேன். மகளுக்குக் கொடுத்தாள். தனக்கு மாட்டேன் என்றாள்.

"கொய்னா சூடு தம்பி. வயித்துப் பிள்ளை கரைஞ்சுரும். மருத்துவிச்சி செல்லிட்டா."

"மருத்துவிச்சிக்கு என்ன தெரியும்?"

"ஒனக்கு என்ன தெரியும், நீ எத்தனை பெத்த?"

மூன்று நாள் சண்டை போட்டேன். சண்டையில் வெல்ல முடியாமல் அப்போதிக்கரியையே வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவர் முன்கட்டில் கதிரையில் உட்கார்ந்தார். ராத்தா கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றாள். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"பிள்ளைத்தாச்சிக்குக் கொய்னாவைப் பாத்துத்தான் குடுக்கிறது. அது உண்மை. ஆனால் காய்ச்சல் பாத்து வராது. இந்தக் காய்ச்சல் தாயின்ரை இரத்தத்தைத் தின்னும். தாய்க்கு இரத்தமில்லையெண்டால் பிள்ளைக்கு எங்காலை வரும்? அளவாய்த் தாறன். காய்ச்சல் விட்ட நாளும் நிப்பாட்டக் கூடாது. விளங்குதோ?"

சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு கேள்விதான் வந்தது. "பிள்ளை தங்குமா எண்டு கேளு தம்பி."

"காய்ச்சலை நிப்பாட்டினால் தங்கும்," என்றார் அவர்.

ராத்தா குளிசையை விழுங்கினாள். ஒரு வாரத்தில் காய்ச்சல் நின்றது. பிள்ளை கரையவில்லை. நான் அடைந்த பெருமையைச் சொல்லி மாளாது. என் ராத்தாவின் கதையை வரிசையில் நிற்கிற ஒவ்வொரு ஆணுக்கும் சொன்னேன். ஆண்களும் கேட்டார்கள், சிலர் தங்கள் பெண்களுக்கும் குளிசை வாங்கிப் போனார்கள். ஊரையே நான் திருத்திவிட்டதாக நினைப்பு.

நோன்பு மாதம் பிறந்தது. நாலாம் நோன்பன்று ராத்தாவுக்குக் காய்ச்சல் திரும்பவும் வந்தது. நின்றுபோன காய்ச்சல் திரும்பி வருவது இதில் சகஜம் என்று அப்போதிக்கரி முன்பே சொல்லியிருந்தார். புதுப் போத்தல் தந்தார். காலை, பகல், இராச் சாப்பாட்டுக்குப் பின் ஒவ்வொன்று.

நோன்பும் மருந்தும் மோதிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாமலில்லை. நானே பள்ளிவாசல் லெப்பையிடம் போனேன். நல்ல மனிதர், மார்க்கம் அறிந்தவர். ஜும்ஆவுக்குப் பிறகு எழுந்து நின்று, நோயாளியும் வயிற்றுப் பிள்ளைக்காரியும் பால் கொடுக்கிறவளும் நோன்பை விடலாம், உடம்பு தேறிய பிறகு விட்ட நாட்களைத் திரும்பப் பிடித்துக் களாச் செய்யலாம் என்று தெளிவாகச் சொன்னார். அதைக் கேட்டது அத்தனையும் ஆண்கள். பெண்களுக்கு அவரவர் வீட்டு ஆண்கள் போய்ச் சொல்ல வேண்டும். நான் ராத்தாவிடம் போய்ச் சொன்னேன். "சரி தம்பி," என்றாள். அவள் சரி என்றதும் நான் அதை முடிந்த காரியமாக விட்டுவிட்டேன்.

அதே வாரம் மச்சானும் படுத்தார். அவருக்கு மார்க்கச் சலுகை உடனே விளங்கிவிட்டது. பதினைந்து நாள் நோன்பை விட்டார். காய்ச்சல் வந்த நாளும் நோயாளி, காய்ச்சல் விட்ட நாளும் நோயாளி. பகல் பன்னிரண்டுக்குக் கஞ்சி, இரண்டு மணிக்கு முட்டை, மருந்து தப்பாமல் மூன்று வேளை. கடையின் பின்கதவைச் சாத்திக்கொண்டு சுருட்டும் பிடித்தார். நோயாளிக்குச் சுருட்டு ஆகும் என்று எந்தக் கிதாபில் கண்டாரோ. மனிதர் இரண்டே வாரத்தில் தேறி, கன்னம் வைத்துக் கடையில் உட்கார்ந்தார். மருந்தை ஒழுங்காகக் குடித்தால் இப்படித்தான் தேறலாம் என்று அவரையும் நான் வரிசையில் நிற்பவர்களுக்கு உதாரணம் காட்டினேன்.

பின்னேரம் நோன்பு திறக்க நான் அங்கே போய்விடுவேன். ராத்தாவின் நோன்புக் கஞ்சிக்குத் தெருவிலேயே பெயர் இருந்தது. தேங்காய்ப்பாலும் இஞ்சியும் ரம்பையும் போட்டு, ஆட்டெலும்பு கிடைத்த நாளில் அதையும் போட்டுக் காய்ச்சுவாள். மச்சானும் மகனும் நானும் பாயில் உட்காருவோம். பாங்கு சொன்னதும் ஈச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டு கோப்பையை எடுப்போம். சீலைக்குப் பின்னாலிருந்து கோப்பை வந்துகொண்டே இருக்கும். நான் மூன்று கோப்பை குடிப்பேன். பெண்கள் பிறகு உள்ளே அடுப்படிக் குசினியில் சாப்பிடுவார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். எனவே ராத்தா என்ன சாப்பிட்டாள், எப்போது சாப்பிட்டாள் என்பது எனக்குத் தெரிய வேண்டிய விஷயமாகவே படவில்லை.

இருபதாம் நோன்பன்று பகலில் அவளுடைய மகன் பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஓடிவந்தான். உம்மா கிணற்றடியில் விழுந்து கிடக்கிறா என்றான். ஓடினேன். அயல்வீட்டுப் பெண்கள் அவளைத் தூக்கிக் குசினியில் பாயில் கிடத்தியிருந்தார்கள். அன்று காய்ச்சல் நாள். நடுக்கம் ஓய்ந்து உடம்பு கொதித்தது. முகம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்க்க அப்போதிக்கரி எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். இழுத்துப் பார்த்தேன். சிவப்பு என்று சொல்ல ஒரு கோடுகூட இல்லை.

அந்தக் குசினிக்குள் நான் அத்தனை மாதத்தில் நுழைந்தது அதுதான் முதல் தடவை. அரிசிப் பெட்டிக்கு மேலே கொய்னாப் போத்தல் இருந்தது. எடுத்து ஆட்டினேன். சத்தம் அதிகமாகக் கேட்டது. கையில் கொட்டி எண்ணினேன். அன்றோடு முடிந்திருக்க வேண்டிய குளிசையில் பாதி அப்படியே கிடந்தது.

"ராத்தா, இது என்ன?"

அவள் கண்ணைத் திறந்தாள். திருடி அகப்பட்டவள் போலக்கூட இல்லை. கடையில் மிச்சச் சில்லறை கேட்டவனுக்குப் பதில் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். "காய்ச்சல் நாளையில குடிச்சேன் தம்பி. மத்த நாள் நோன்பு."

"என்ன நோன்பு? விடலாம் எண்டு செல்லல்லயா நான்?"

"நோயாளிக்குத்தானே விடலாம் எண்டு. காய்ச்சல் நாளையில நான் நோயாளி, நோன்ப விட்டேன், குளிசை குடிச்சேன். மத்த நாளையில எனக்கு என்ன நோய் ஈக்கிது? நெல் குத்துறேன், தண்ணி அள்ளுறேன், ஒங்க எல்லாருக்கும் கஞ்சி காச்சுறேன். இவ்வளவும் செய்யுறவ நோன்பு பிடிக்க ஏலாது எண்டு படைச்ச றப்புக்கிட்ட எப்பிடிச் செல்லுற?"

ஒருநாள் விட்டு ஒருநாள் நோயாளி, ஒருநாள் விட்டு ஒருநாள் நோன்பாளி. அவ்வளவு நேர்மையான ஒரு முட்டாள்தனத்தை நான் எங்கேயும் கண்டதில்லை. ஊரில் யாரும் கொய்னாவைச் சொல்லிப் பயமுறுத்தி அவளைக் கெடுக்கவில்லை. மருத்துவிச்சி கெடுக்கவில்லை, லெப்பை கெடுக்கவில்லை. அவள் வேலை செய்தாள், ஆகவே அவள் சுகமாக இருக்கிறாள். அந்த வீட்டில் சுகத்துக்கு இருந்த அளவுகோல் அது ஒன்றுதான்.

"நோன்பு திறந்த பொறகாவது குடிச்சிருக்கலாமே," என்று கத்தினேன்.

"குடிச்சுப் பார்த்தேன். வெறும் வயித்துல வாந்தி வந்திச்சி. காது இரையுது, தலை சுத்துது. பொறகு விடியமுன்ன சஹருக்கு எழும்பிச் சமைக்கிறது யாரு?"

"எனக்கு ஒரு வார்த்தை செல்லல்லயே நீங்க!"

இப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. படுத்தபடியே தலையைத் தூக்கினாள். "இருவது நாளா என்ட கையால கஞ்சி குடிச்சியே. ராத்தா நீ திண்டியா எண்டு ஒரு நாள் கேட்டியா?"

நான் கேட்கவில்லை. மச்சானும் கேட்கவில்லை. கடைவாசலில் நின்ற அவர் இதைக் கேட்டுவிட்டு உள்ளே வராமல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்தில் அந்தத் தராசைப் பிடுங்கி ரோட்டில் எறிந்திருப்பேன். ஆனால் எந்த முகத்தோடு எறிவது? மூன்று கோப்பை குடித்தவன் நான்தானே. ஊருக்கு உபதேசம் செய்கிறவனுக்கு வீட்டுக் குசினி தெரியவில்லை.

அன்றே லெப்பையைக் கூட்டிவந்தேன். அவர் சீலைக்கு வெளியே நின்று, "மகள், முறைக்காய்ச்சல்காரிக்குக் காய்ச்சல் இல்லாத நாளும் நோய் நாள்தான். அல்லாஹ் உங்களைக் கஷ்டப்படுத்த விரும்பல்ல," என்றார். ஜும்ஆவில் இதையும் சொல்லியிருக்க வேண்டும் என்று என்னிடம் தனியாக வருந்தினார். ராத்தா கேட்டுக்கொண்டாள். மறுநாளிலிருந்து நோன்பை முழுதாக விட்டு, குளிசையை முழுதாகக் குடித்தாள். நான் மூன்று வேளையும் போய் நின்று, விழுங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். காய்ச்சல் நின்றது. அப்போதிக்கரி இரும்புச் சத்து மருந்தும் கொடுத்தார். "சுணங்கிப் போச்சு, பாப்பம்," என்றார். அவருடைய மெலிந்த பேச்சில் அந்தப் பாப்பம் எனக்குப் பிடிக்கவில்லை.

இருபத்தேழாம் நோன்பன்று அவளுக்கு நோவு கண்டது. எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஆண் குழந்தை. உயிரோடுதான் பிறந்தது. மருத்துவிச்சி அதைத் துணியில் சுற்றி என் கையில் தந்தபோது துணியின் பாரம் எது, பிள்ளையின் பாரம் எது என்று எனக்குத் தெரியவில்லை. அழுகை பூனைக்குட்டியின் சத்தம் போல இருந்தது. முலையைப் பிடிக்கத் தெம்பில்லை. ராத்தாவுக்குப் பாலும் இல்லை. டின்பாலைக் கரைத்துப் பஞ்சில் நனைத்து வாயில் வைத்தோம். பெருநாள் வந்தது, புதுத்துணி இல்லாமல் போனது. ஏழாம் நாள் தலைமுடி இறக்கிப் பெயர் வைக்கலாம் என்று காத்திருந்தோம். ஆறாம் நாள் காலையில் அது போய்விட்டது.

மச்சானும் நானும் இன்னும் இரண்டு பேரும் மையவாடிக்குக் கொண்டுபோனோம். நாலு பேர் தேவைப்படுகிற பாரம் அல்ல அது. வழக்கம் என்று போனோம். அந்த மாதத்தில் அங்கே சின்னக் குழிகள் நிறைய இருந்தன. எத்தனை தாய்மார் இப்படி வேலை செய்துகொண்டே சுகமாக இருந்தார்களோ என்று நினைத்தேன். யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் சொல்லக்கூடியவர்கள் எல்லாம் குசினிகளில் இருந்தார்கள்.

பிறகு மண்டபத்தில் நான் ஒரு வேலை செய்தேன். குளிசை வாங்க வருகிற ஆணிடம், "உங்கட பெண்சாதி நேத்துப் பகல் என்ன திண்டா?" என்று கேட்கத் தொடங்கினேன். சிலர் சிரித்தார்கள். சிலர் மானப்பிரச்சினை என்று சண்டைக்கு வந்தார்கள். அடுத்தவன் வீட்டுக் குசினியை வாத்தியார் ஏன் கிளறுகிறார் என்று பள்ளிவாசல் நிர்வாகத்திடம் முறைப்பாடும் போனது. ஒருவருக்காவது பதில் தெரிந்திருந்ததா என்றால், இல்லை. அப்போதிக்கரி மட்டும், "கேளும், விடாதையும்," என்றார்.

பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்து ராத்தா எழுந்து நடமாடினாள். முகத்தில் இன்னும் இரத்தம் ஊறவில்லை. படி ஏறினால் மூச்சு வாங்கும். ஒருநாள் பகல் இரும்பு மருந்துப் போத்தலோடு நேரே குசினிக்குள் போனேன். இப்போதெல்லாம் அப்படித்தான் போவேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மருந்தை ஊற்றி நீட்டினேன்.

"வெச்சிட்டுப் போ தம்பி. மஃரிபுக்குப் பொறகு குடிக்கிறேன்."

எனக்குப் புரிய ஒரு கணம் எடுத்தது. புரிந்ததும் தலைக்கேறிவிட்டது. நோன்பு மாதத்தில் விட்ட பத்தொன்பது நாளையும் களாச் செய்யத் தொடங்கியிருந்தாள். யாருக்கும் சொல்லவில்லை. அன்று எட்டாவது நாள்.

"ராத்தா, ஒங்களுக்குப் பைத்தியமா? உடம்பு தேறின பொறகு பிடிக்கலாம் எண்டு லெப்பையே செல்லிட்டார். அடுத்த நோன்பு வரைக்கும் காலம் ஈக்கிது. ஒரு வருஷம் பொறுத்தா என்ன?"

அவள் சுளகைக் கீழே வைத்தாள். என் மேல் கோபமில்லை. விளங்காத மாணவனுக்குத் திரும்பச் சொல்வது போலச் சொன்னாள்.

"வயித்துல பிள்ளை ஈக்கக்குள்ள ஏலாது. பால் குடுக்கக்குள்ள ஏலாது. ஒரு வருஷத்துல அடுத்தது வந்துரும். இப்ப வயித்துலயும் ஒண்டுமில்ல, மடியிலயும் ஒண்டுமில்ல. இப்பதான் தம்பி எனக்கு நேரம்."

சுளகை எடுத்துத் திரும்பப் புடைக்கத் தொடங்கினாள். நான் ஊற்றிய மருந்தைப் போத்தலிலேயே திரும்ப ஊற்றி மூடினேன். இன்னும் பதினொரு நாள் இருந்தது.